தட்டுவதற்கு முன் நிற்கும் இடத்தைப் பாருங்கள்

வலையமைப்புக் கருவிகளின் கட்டளை நிலைகள்: மாணவர்களுக்கு ஓர் அறிமுகம்

2015 ஜூன் 12, வெள்ளிக்கிழமை. மலேசிய நேரம் மாலை மணி 4.43. உலகின் பல பகுதிகளில் இணையம் திடீரென மந்தமானது. இணையப் பக்கங்கள் திறக்கத் தயங்கின. சில சேவைகளைத் தொடர்பு கொள்ளவே முடியவில்லை. சிக்கலின் வேர் நம் நாட்டில் இருந்தது. டெலிகாம் மலேசியாவின் வலையமைப்பு, ஏறக்குறைய 179,000 முகவரித் தொகுதிகளைத் தன் வழியாகச் சென்றடையலாம் என்று லெவல் 3 என்ற பன்னாட்டு இணைய நிறுவனத்திடம் அறிவித்துவிட்டது. லெவல் 3 அந்த அறிவிப்பை வடிகட்டாமல் ஏற்றுக்கொண்டு மற்ற வலையமைப்புகளுக்கும் பரப்பியது. எங்கெங்கோ செல்ல வேண்டிய தரவுகள் மலேசியாவை நோக்கித் திரும்பின. நெடுஞ்சாலையில் போக வேண்டிய லாரிகள் எல்லாம் நம் தாமான் சந்துக்குள் நுழைந்தால் எப்படி இருக்கும்? அப்படியொரு நெரிசல். நிலைமை சீராக ஏறக்குறைய இரண்டு மணி நேரம் பிடித்தது. நிறுவனம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டது.

இத்தனைக்கும் காரணம் ரவுட்டரின் அமைவில் நேர்ந்த ஒரு பிழை.

ரவுட்டரின் அமைவை எழுதுபவர்கள் மனிதர்கள். அவர்கள் அதை எழுதும் இடம் கட்டளை வரி எனப்படும் கறுப்புத் திரை. வலையமைப்புத் துறைக்குப் படிக்கப் போகும் மாணவர் ஒவ்வொருவரும் ஒருநாள் அந்தத் திரையின் முன் உட்கார்ந்தே ஆக வேண்டும். அங்கே முதலில் பழக வேண்டியது கட்டளைகளின் பட்டியலன்று. நாம் எந்த நிலையில் நிற்கிறோம் என்று ஒவ்வொரு முறையும் பார்க்கும் பழக்கமே முதலில் வேண்டும்.

பொத்தான்கள் இருக்கும்போது கறுப்புத் திரை ஏன்?

நம் வீட்டு வைஃபை ரவுட்டரைச் சரிசெய்ய ஓர் இணையப் பக்கம் இருக்கிறது. பெட்டியில் பெயரை எழுதிப் பொத்தானை அழுத்தினால் போதும். ஆனால் பள்ளி, மருத்துவமனை, வங்கி, தொலைத்தொடர்பு நிறுவனம் ஆகியவற்றில் இருக்கும் கருவிகளில் நூற்றுக்கணக்கான அமைவுகள் உண்டு. அவற்றைப் பொத்தான்களில் தேடுவதைவிட எழுத்தில் சொல்வது விரைவானது. எழுத்தை நகலெடுக்கலாம், சேமிக்கலாம், நேற்றைய அமைவுடன் ஒப்பிடலாம். நாற்பது சுவிட்ச்களுக்கு ஒரே மாற்றத்தைச் செய்ய வேண்டுமென்றால் ஒரே உரையை நாற்பது முறை ஒட்டலாம். இணைப்பு மிக மெதுவாக இருந்தாலும் வெறும் எழுத்து போய்ச் சேர்ந்துவிடும்.

புதிய கருவியைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் கன்சோல் கேபிளை மடிக்கணினியில் இணைத்து இந்தத் திரையைத் திறப்பது வழக்கம். சிஸ்கோ கருவிகளுடன் வெளிர்நீல நிறத்தில் வரும் தட்டையான கேபிள் அது. கருவிக்கு முகவரி கொடுத்த பிறகு, எஸ்எஸ்எச் வழியாகத் தொலைவிலிருந்தும் நுழையலாம்.

ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய லியனார்ட் போசாக், சாண்டி லெர்னர் இணையர் 1984இல் தொடங்கிய நிறுவனம் சிஸ்கோ. அதன் கருவிகளில் உள்ள கட்டளை நிலைகள் காலப்போக்கில் துறை முழுவதற்கும் பழக்கமாகிவிட்டன. தன் கட்டளைகளையும் நிலைகளையும் அரிஸ்டா என்ற போட்டி நிறுவனம் பயன்படுத்தியதாக 2014இல் சிஸ்கோ வழக்கே தொடுத்தது. 2016 டிசம்பரில் நடுவர் குழு அரிஸ்டாவுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஆகவே, ஒரு நிறுவனத்தின் கருவியில் இந்த நிலைகளைப் படித்தவர் இன்னொன்றின் முன் அமர்ந்தாலும் திகைக்க வேண்டியதில்லை.

நான்கு நிலைகள்

கீழே வரும் கட்டளைகள் திரையில் ஆங்கில எழுத்துகளில்தான் இருக்கும். இங்கே அவற்றின் ஒலிப்பைத் தமிழில் தருகிறேன். ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் கருவி தானாகக் காட்டும் குறிக்குப் பிராம்ப்ட் என்று பெயர். நாம் நிற்கும் நிலையைச் சொல்வது அதுதான்.

முதலாவது, பயனர் நிலை. பிராம்ப்ட் இப்படி இருக்கும்: சுவிட்ச்>

இங்கே ஓரளவுக்குப் பார்க்கலாம், எதையும் மாற்ற முடியாது. 'ஷோ வெர்ஷன்' என்று தட்டினால் கருவியின் மாதிரியும் மென்பொருள் பதிப்பும் தெரியும். 'பிங்' கட்டளையால் இன்னொரு கருவி பதில் சொல்கிறதா என்று சோதிக்கலாம். ஆனால் முழு அமைவையும் காட்டச் சொன்னால் மறுத்துவிடும்.

இரண்டாவது, சிறப்புரிமை நிலை. 'எனேபிள்' என்று தட்டிக் கடவுச்சொல்லைக் கொடுத்தால் பிராம்ப்ட் மாறும்: சுவிட்ச்#

மாறியது ஒரே ஒரு குறிதான். ஆனால் சிஸ்கோ கணக்கில் நாம் 1ஆம் உரிமை நிலையிலிருந்து 15ஆம் உரிமை நிலைக்கு வந்துவிட்டோம். இப்போது முழு அமைவையும் பார்க்கலாம், கருவியை மறுதொடக்கம் செய்யலாம், சேமித்த அமைவை அழிக்கவும் செய்யலாம்.

மூன்றாவது, பொது அமைவு நிலை. 'கன்ஃபிகர் டெர்மினல்' என்றால் இங்கே வருவோம்: சுவிட்ச்(கன்ஃபிக்)#

கருவி முழுவதையும் பாதிக்கும் மாற்றங்கள் இங்கே செய்யப்படும். கருவிக்குப் பெயர் வைப்பது அதற்கு எளிய எடுத்துக்காட்டு.

நான்காவது, உள்நிலைகள். ஒரு குறிப்பிட்ட பகுதியை மட்டும் மாற்ற, அந்தப் பகுதியின் பெயரைச் சொல்லி உள்ளே போக வேண்டும். 'இன்டர்ஃபேஸ்' என்று சொல்லி எண்ணைக் கொடுத்தால் (கன்ஃபிக்-இஃப்)# வரும். 'லைன்' என்றால் (கன்ஃபிக்-லைன்)# வரும். வழித்தேர்வு நெறிமுறைகளை அமைக்கும்போது (கன்ஃபிக்-ரவுட்டர்)# வரும். முகவரித் தொகுதிகளுக்கான வழிகளை மற்ற நிறுவனங்களுக்கு எப்படி அறிவிப்பது என்ற பிஜிபி அமைவின் முக்கியமான பகுதி எழுதப்படுவது இந்தக் கடைசி நிலையில்தான்.

திரும்பி வர இரண்டு வழிகள் உள்ளன. 'எக்ஸிட்' ஒரு படி மட்டும் பின்னால் கொண்டுவரும். 'எண்ட்' எந்த ஆழத்தில் இருந்தாலும் நேராகச் சிறப்புரிமை நிலைக்குக் கொண்டுவரும். சிறப்புரிமை நிலையில் நின்றுகொண்டு மறுபடியும் 'எக்ஸிட்' தட்டினால் கருவியை விட்டே வெளியேறிவிடுவோம். சொல் ஒன்றுதான், இடத்துக்கு ஏற்ப அதன் வேலை மாறுகிறது.

இடம் முதலில், வினை கடைசியில்

தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டு மலாய்மொழி இடைநிலைப்பள்ளிக்குப் போனவர்களுக்கு ஆங்கிலக் கட்டளைகள் கொஞ்சம் மிரட்சி தரலாம். ஆனால் இந்த நிலைகளின் அமைப்பு நம் மொழியின் போக்குக்கு மிக நெருக்கமானது.

'கூடத்தில் இருக்கும் இரண்டாவது விளக்கை அணை' என்கிறோம். முதலில் இடம், பிறகு பொருள், கடைசியில் வினை. 'அணை' என்று மட்டும் சொன்னால் எதை என்று கேட்பார்கள். கட்டளை நிலைகளும் இதே வரிசையில்தான் நடக்கின்றன. முதலில் அமைவு நிலைக்குப் போகிறோம். அடுத்து இன்டர்ஃபேஸைச் சொல்கிறோம். கடைசியில்தான் 'ஷட்டவுன்' என்ற வினை. பொது அமைவு நிலையில் நின்றுகொண்டு 'ஷட்டவுன்' என்று மட்டும் தட்டினால், எதை மூடுவது என்று தெரியாமல் கருவி பிழை காட்டும்.

மறுப்பு மட்டும் நமக்கு எதிர்த்திசையில் வரும். 'மூடாதே' என்பதில் மறுப்பு வினையின் வாலில் இருக்கிறது. இங்கே தலையில் இருக்கிறது. 'நோ ஷட்டவுன்' என்றால் மூடிய இன்டர்ஃபேஸ் திறக்கும். பெரும்பாலான அமைவுக் கட்டளைகளை நீக்க, அதே கட்டளையின் முன்னால் 'நோ' சேர்த்தால் போதும். இதனால் 'நோ' வசதியான சொல்லாகவும் ஆபத்தான சொல்லாகவும் இருக்கிறது. இடம் பார்க்காமல் தட்டிய ஒரு 'நோ', ஒரு பகுதி முழுவதையும் துடைத்துவிடக்கூடும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். லாபிஸ் நகரில் ஒரு டியூஷன் மையம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அங்கே 24 போர்ட் கொண்ட ஒரு சுவிட்ச். ஐந்தாவது போர்ட்டில் ஆசிரியர்களின் அச்சுப்பொறி இருக்கிறது. மாணவர்களின் கணினிகளிலிருந்து அதைப் பிரித்து, வீலான் 20 என்ற தனிப் பிரிவில் வைக்க வேண்டும். அந்தப் பிரிவை முன்பே உருவாக்கிவிட்டார்கள் என்று கொள்வோம். இனி வரிசை இதுதான்: 'எனேபிள்', 'கன்ஃபிகர் டெர்மினல்', 'இன்டர்ஃபேஸ் ஃபாஸ்ட்ஈத்தர்நெட் 0/5', 'சுவிட்ச்போர்ட் மோட் அக்சஸ்', 'சுவிட்ச்போர்ட் அக்சஸ் வீலான் 20', 'எண்ட்'. மொத்தம் ஆறே வரிகள். பிறகு 'ஷோ வீலான் பிரீஃப்' என்று தட்டி, ஐந்தாவது போர்ட் சரியான பிரிவுக்கு வந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும்.

பிராம்ப்ட் சொல்லாத செய்தி

இங்கே கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. ஐந்தாவது போர்ட்டுக்குள் நுழைந்தாலும் ஆறாவது போர்ட்டுக்குள் நுழைந்தாலும் சிஸ்கோ கருவி காட்டும் பிராம்ப்ட் ஒன்றே: (கன்ஃபிக்-இஃப்)#. ஏதோ ஒரு போர்ட்டுக்குள் இருக்கிறோம் என்று அது சொல்கிறது. எந்தப் போர்ட் என்று சொல்வதில்லை. அதுபோலவே, கன்சோல் வாசலுக்குக் கடவுச்சொல் வைக்கும்போதும் தொலைவிலிருந்து வரும் வாசலுக்கு வைக்கும்போதும் ஒரே (கன்ஃபிக்-லைன்)# தான்.

தொலைபேசி அழைப்பு வந்து பேசிவிட்டுத் திரும்பி வரும்போது நாம் எந்தப் போர்ட்டில் இருந்தோம் என்பது மறந்து போகலாம். அப்போது நினைவை நம்பாமல் இன்டர்ஃபேஸின் முழுப்பெயரை மறுபடியும் தட்டி உள்ளே போவதே பாதுகாப்பு. ஒரு வரி கூடுதலாகத் தட்டுவதில் எந்த நட்டமும் இல்லை.

தவறான நிலையில் கட்டளை கொடுத்தால் கருவி பெரும்பாலும் சொல்லிவிடும். பயனர் நிலையில் 'கன்ஃபிகர் டெர்மினல்' என்று தட்டினால், கூரை போன்ற ஒரு சிறு குறியை இட்டு, அந்த இடத்தில் பிழை என்று காட்டும். கட்டளை அறியாதவர் எழுத்துப்பிழையைத் தேடுவார். நிலை அறிந்தவர் பிராம்ப்ட்டைப் பார்த்து, 'எனேபிள்' விட்டுப்போயிற்று என்று உடனே கண்டுகொள்வார்.

பயனர், சிறப்புரிமை நிலைகளில் இன்னொரு வேடிக்கையும் நடக்கும். 'ஷோ' என்பதற்குப் பதில் எழுத்து மாறித் தனிச்சொல் ஒன்றைத் தட்டிவிட்டால், கருவி அதை இன்னொரு கணினியின் பெயர் என்று எண்ணித் தேடப் போய்விடும். திரை உறைந்ததுபோல் நிற்கும். கருவி பழுதாகிவிட்டது என்று பயப்பட வேண்டாம். கன்ட்ரோல், ஷிஃப்ட், 6 ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்தினால் தேடலை நிறுத்திவிடும்.

பக்கத்தில் ஆசிரியர் இல்லையே என்ற கவலையும் வேண்டாம். எந்த நிலையிலும் கேள்விக்குறியைத் தட்டினால், அந்த நிலையில் செல்லுபடியாகும் கட்டளைகளை மட்டும் ஒரு வரி விளக்கத்துடன் கருவியே பட்டியலிடும். 'ஷோ' தட்டி, இடம் விட்டு, கேள்விக்குறி போட்டால், அதற்குப்பின் என்னென்ன வரலாம் என்று காட்டும். எல்லாவற்றையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

பார்ப்பது வேறு, மாற்றுவது வேறு

இத்தனை நிலைகள் எதற்கு, எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்கலாமே என்று தோன்றலாம். பார்க்கும் உரிமையையும் மாற்றும் உரிமையையும் பிரித்து வைப்பதுதான் இதன் நோக்கம். பயிற்சியில் இருப்பவர் நிலவரத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். அதற்காக மாற்றும் அதிகாரத்தையும் அவர் கையில் கொடுக்க வேண்டியதில்லை.

இந்தக் கோடு எவ்வளவு முக்கியம் என்பதை 2021 அக்டோபர் 4 காட்டியது. மலேசிய நேரம் இரவு மணி 11.40 அளவில் ஃபேஸ்புக், இன்ஸ்டகிராம், வாட்ஸ்அப் மூன்றும் உலகம் முழுவதும் நின்றுபோயின. அன்று இயங்கலை வகுப்புக் குழுக்கள் எல்லாம் வாட்ஸ்அப்பில் இருந்த காலம். ஏறக்குறைய ஆறு மணி நேரம் சேவை இல்லை. வழக்கமான பராமரிப்பு வேலையின்போது, முதன்மை வலையமைப்பின் கொள்ளளவை மதிப்பிடும் நோக்கில் கொடுக்கப்பட்ட ஒரு கட்டளை, தரவு மையங்களுக்கிடையே இருந்த இணைப்புகள் எல்லாவற்றையும் துண்டித்துவிட்டது என்று நிறுவனம் பின்னர் விளக்கியது. அத்தகைய கட்டளைகளைத் தடுக்க ஒரு தணிக்கைக் கருவி இருந்தது. அதிலேயே ஒரு பிழை இருந்ததால் அது தடுக்கவில்லை. தொலைவிலிருந்து உள்ளே போகும் வழிகளும் அடைபட்டதால், பொறியாளர்கள் தரவு மையங்களுக்கு நேரில் போக வேண்டியிருந்தது.

நிலவரத்தைப் பார்க்க எண்ணிக் கொடுத்த கட்டளை, நிலவரத்தையே மாற்றிவிட்டது. ஆயிரக்கணக்கான பொறியாளர்கள் கொண்ட நிறுவனத்துக்கே இது நேரும் என்றால், ஒரு பள்ளியின் சுவிட்சைத் தனியாகப் பார்த்துக்கொள்ளும் தொழில்நுட்பருக்கு எவ்வளவு நிதானம் வேண்டும்!

மின்சாரம் போனால் மறந்துவிடும்

சிஸ்கோவின் வழக்கமான கருவிகளில் அமைவுக் கட்டளை ஒன்றைத் தட்டி என்டர் அழுத்திய கணமே அது நடைமுறைக்கு வந்துவிடும். ஆனால் நிலைத்து நிற்காது. நடப்பில் உள்ள அமைவு தற்காலிக நினைவகத்தில் இருக்கிறது. அதற்கு ரன்னிங்-கன்ஃபிக் என்று பெயர். மின்சாரம் போய் வந்தால் கருவி படித்துக்கொள்வது ஸ்டார்ட்டப்-கன்ஃபிக் எனப்படும் சேமித்த அமைவைத்தான்.

லாபிஸில் பிற்பகல் இடிமழை நமக்குப் புதிதன்று. காலையில் நன்றாக அமைத்த சுவிட்ச், மாலையில் மின்சாரம் ஒருமுறை போய் வந்ததும் பழைய நிலைக்குத் திரும்பியிருந்தால், யாரும் அதைக் கெடுத்திருக்க வேண்டியதில்லை. யாரோ சேமிக்காமல் போயிருக்கிறார்கள். சிறப்புரிமை நிலைக்கு வந்து, 'காப்பி ரன்னிங்-கன்ஃபிக் ஸ்டார்ட்டப்-கன்ஃபிக்' என்று தட்டினால்தான் வேலை முடிந்ததாகப் பொருள்.

இந்த மறதியையே பாதுகாப்பாக மாற்றிக்கொள்வதும் உண்டு. கோலாலம்பூரில் உட்கார்ந்துகொண்டு லாபிஸில் உள்ள ஒரு சுவிட்சை ஒருவர் மாற்றுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இரு சுவிட்ச்களை இணைக்கும் போர்ட்டில் வீலான் 10, 20 ஆகியவை அனுமதிக்கப்பட்டுள்ளன. அவர் 30ஐயும் சேர்க்க வேண்டும். அதற்கான கட்டளையில் 'ஆட்' என்ற சிறு சொல் உண்டு. அதை விட்டுவிட்டு 30 என்று மட்டும் தட்டினால், பழைய பட்டியல் போய் 30 மட்டும் மிஞ்சும். அவருடைய சொந்த இணைப்பு வீலான் 10 வழியாக வந்துகொண்டிருந்தால் அதுவும் அறுந்துவிடும். இனி காரில் ஏறி லாபிஸுக்கு வர வேண்டியதுதான்.

அனுபவமுள்ளவர்கள் ஆபத்தான மாற்றத்துக்கு முன் 'ரீலோட் இன் 10' என்று தட்டிவைப்பார்கள். பத்து நிமிடத்தில் கருவி தானாக மறுதொடக்கம் ஆகும். இணைப்பு அறுந்தாலும், சேமிக்காத மாற்றம் மறைந்து பழைய அமைவு திரும்பும். எல்லாம் சரியாக இருந்தால் 'ரீலோட் கேன்சல்' என்று தட்டிவிட்டுச் சேமிப்பார்கள்.

ஜூனிப்பர் நிறுவனத்தின் கருவிகள் இதே சிக்கலுக்கு வேறு வழியைத் தேர்ந்தெடுத்தன. அங்கே அமைவு நிலையில் எழுதுவது எல்லாம் முதலில் வரைவுதான். 'கமிட்' என்று சொன்னால்தான் நடைமுறைக்கு வரும். 'கமிட் கன்ஃபர்ம்ட்' என்று சொன்னால், பத்து நிமிடத்துக்குள் மீண்டும் உறுதிப்படுத்தாவிட்டால் கருவி தானாகவே பழைய அமைவுக்குத் திரும்பும். மனிதர் தவறக்கூடும் என்பதைக் கருவியை வடிவமைத்தவர்களே எதிர்பார்த்திருக்கிறார்கள்.

நம் ஊரிலிருந்தே தொடங்கலாம்

இதையெல்லாம் பழக விலையுயர்ந்த கருவி வேண்டுமே என்று சிறுநகர மாணவர்கள் தயங்குவதைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தயக்கத்துக்கு இன்று காரணமில்லை. 1997இல் தொடங்கப்பட்ட சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாடமி, பாக்கெட் டிரேசர் என்ற பயிற்சி மென்பொருளை இலவசமாக வழங்குகிறது. அகாடமியில் ஒரு கணக்கைத் திறந்து அதைப் பதிவிறக்கிக்கொள்ளலாம். அதில் சுவிட்ச்களையும் ரவுட்டர்களையும் திரையில் இழுத்துவைத்து இணைக்கலாம். ஒவ்வொன்றுக்கும் மேலே விவரித்த அதே கட்டளை வரி உண்டு. அங்கே எதைக் கெடுத்தாலும் யாருடைய இணையமும் நிற்காது.

எஸ்பிஎம் தேர்வில் கணினி அறிவியல் எடுப்பவர்களுக்கு இது பாடநூலுக்கு அப்பால் ஒரு முன்னோட்டமாக அமையும். பொலிடெக்னிக்கிலோ பல்கலைக்கழகத்திலோ வலையமைப்புப் பாடம் படிக்கப் போகிறவர்களுக்கு முதல் ஆய்வுக்கூட வகுப்பின் பதற்றம் குறையும். வேலைச் சந்தையில் மதிப்புள்ள சிசிஎன்ஏ சான்றிதழை நாடுபவர்களுக்கும் இதுவே அடிப்படை.

முதல் பயிற்சியாக இதைச் செய்து பாருங்கள். பாக்கெட் டிரேசரில் ஒரே ஒரு சுவிட்சை வையுங்கள். அமைவு எதையும் மாற்ற வேண்டாம். பயனர் நிலையிலிருந்து இன்டர்ஃபேஸ் நிலை வரை படிப்படியாக உள்ளே போய், 'எக்ஸிட்' தட்டிப் படிப்படியாக வெளியே வாருங்கள். மறுமுறை 'எண்ட்' தட்டித் திரும்புங்கள். ஒவ்வொரு படியிலும் பிராம்ப்ட்டை வாய்விட்டுப் படியுங்கள். ஒவ்வொரு நிலையிலும் கேள்விக்குறி போட்டு, பட்டியல் எப்படி மாறுகிறது என்று பாருங்கள். பத்து முறை போய் வந்த பிறகு, விரல் என்டரைத் தொடும் முன்பே கண் பிராம்ப்ட்டைத் தேடும். கட்டளைகளை அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகக் கற்றுக்கொள்ளலாம்.